டக் டக் சத்தம் கேட்டதும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள்

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: ஊருக்குப் போய்விட்டு 12 நாள் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவில்லை, பானெட்டுக்குள்ளிருந்து டக்டக்டக்கென்று விடாமல் சத்தம் மட்டும் வருகிறது. மீட்டர் போர்டு விளக்குகள் எரிகின்றன, ஆனால் சாவியைத் திருப்பும்போது அணைந்து அணைந்து எரிகின்றன. பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து கேட்டுவிட்டு, "செல்ஃப் மோட்டார் போச்சு, பேட்டரியையும் சேர்த்தே மாத்திடலாம்" என்று சொல்லியிருக்கிறார். பேட்டரிக்கு நாலு வயது. பெட்ரோல் கார், கியர் வண்டி. போன வருஷம் ஒரு டேஷ் கேமரா மாட்டியிருக்கிறீர்கள். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். நான் ஈரோட்டில் 22 வருஷமாக கார் வயரிங் வேலை பார்க்கிறேன். "செல்ஃப் போச்சு" என்று சொல்லி என் பெஞ்சுக்கு வந்த மோட்டார்களில், நல்ல பேட்டரியில் நேராகக் கொடுத்ததும் துள்ளிக்கொண்டு சுற்றியவை எத்தனையோ. வண்டிக்காரர் அதற்குள் புது மோட்டாருக்குக் காசு கொடுத்திருப்பார், நாலு நாளில் பழைய கோளாறு திரும்ப வந்திருக்கும். மல்டிமீட்டரைக் கையில் எடுக்காமல் காதால் கேட்டே உதிரிபாகம் மாற்றச் சொல்பவரிடம், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், "ஒரு நிமிஷம் அளந்து காட்டுங்க அண்ணே" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

அந்த டக்டக் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இன்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் முதுகில் சாலினாய்டு என்று ஒரு சின்ன உருளை உட்கார்ந்திருக்கும். சாவியைத் திருப்பினதும் அதற்குள் இருக்கும் காந்தச் சுருள் ஓர் இரும்புத் துண்டை இழுக்கிறது. அந்த இழுப்பில் இரண்டு வேலை நடக்கிறது. மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் முன்னால் போய் இன்ஜினின் ஃபிளைவீல் பற்களில் கோத்துக்கொள்ளும், அதே நேரம் பின்னால் இருக்கும் தடிமனான செம்புத் தொடர்பு மூடி பேட்டரி கரண்ட் முழுவதையும் மோட்டாருக்குள் விடும். இழுப்பதற்கு ஒரு சுருள், இழுத்த இடத்தில் பிடித்து வைக்க இன்னொரு சுருள். இப்போது பேட்டரியில் தெம்பில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலினாய்டை இழுக்கும் அளவுக்கு அதனிடம் கரண்ட் இருக்கிறது, இழுத்துவிடுகிறது. தொடர்பு மூடியதும் மோட்டார் 100, 150 ஆம்பியர் கேட்கிறது. வோல்டேஜ் பொத்தென்று விழுகிறது, பிடித்து வைக்கும் சுருளால் பிடிக்க முடியவில்லை, ஸ்பிரிங் பின்னால் தள்ளிவிடுகிறது. தொடர்பு விட்டதும் சுமை போய்விடுகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, சாலினாய்டு மறுபடி இழுக்கிறது. வினாடிக்குப் பல தடவை இது நடந்தால் அதுதான் டக்டக்டக். அதாவது உங்கள் சாலினாய்டு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி. பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் எங்கோ கரண்ட் முட்டி நிற்கிறது, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இதே ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு அப்புறம் அமைதியாகிவிட்டால், அந்த நேரத்தில் ஹெட்லைட்டும் மங்காமல் பளிச்சென்று நின்றால், அப்போதுதான் செல்ஃப் மோட்டார் மேல் சந்தேகம் போக வேண்டும். சாலினாய்டின் செம்புத் தொடர்பு தீய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்து ஆர்மேச்சரை (மோட்டாருக்குள் சுற்றும் பகுதியை) தொடாமல் நிற்கலாம். பிரஷ் தேய்ந்த மோட்டாரை ஒரு கம்பியால் லேசாகத் தட்டினால் ஒரு தடவை எடுத்துவிடும். எடுத்ததும் வண்டியை நிறுத்தாமல் நேராக ஒர்க்ஷாப்பில் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த தடவை எடுக்கும் என்று சொல்ல முடியாது. அதற்கும் முழு மோட்டார் வாங்க வேண்டிய அவசியமில்லை, பெரும்பாலான மோட்டார்களுக்குப் பிரஷ் செட்டும் புஷ்ஷும் தனியாகவே கிடைக்கும். ஒரு சத்தமும் வரவில்லை, ஹெட்லைட் மட்டும் நன்றாக எரிகிறது என்றால் கோளாறு இக்னிஷன் சுவிட்ச், ரிலே, கிளட்ச் சுவிட்ச், நடுவில் போகும் மெல்லிய வயர் இந்தப் பக்கம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்ப்பது காசில்லாத சோதனை. வெளிச்சம் சுத்தமாகச் செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல், அப்படியே நின்றால் வேறு இடம்.

சரி, மீட்டருக்கு வருவோம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, கார் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும் என்பேன். டிசி வோல்ட் 20 என்ற இடத்தில் வைத்து, வண்டி ராத்திரி முழுவதும் நின்ற பிறகு காலையில் பானெட்டைத் திறந்ததும் பேட்டரியை அளந்து பாருங்கள். ஓட்டி வந்த உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜால் எண் கூடுதலாகக் காட்டும், அதை நம்ப முடியாது. 12.6-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. 11.8-க்குக் கீழே போயிருந்தால் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் போட்டு எடுத்த பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால், உள்ளே ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம் (செல்லுக்கு 2.1 வோல்ட், ஆறும் சேர்ந்தால்தான் 12.6). அந்த பேட்டரியைக் காப்பாற்ற முடியாது. அப்புறம் இன்னொரு எண், இதுதான் முக்கியமானது: ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். இன்ஜின் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. நிற்கும்போது 12.5 காட்டிவிட்டு, சுற்றும்போது 7-க்குப் போகும் பேட்டரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சும்மா நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் பார்த்து "பேட்டரி நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள், மறுநாள் காலையில் வண்டி எடுக்காது.

மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியின் மேல் இருக்கும் பச்சைக் கண்ணை நம்பாதீர்கள். அது ஆறு செல்லில் ஒரே ஒரு செல்லின் நிலையைத்தான் காட்டுகிறது. மற்ற ஐந்தில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இனி டெர்மினல். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போன டெர்மினலை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை, வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும். ஆபத்தானது வெளியே சுத்தமாகத் தெரியும் டெர்மினல். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி கிளாம்பைக் கழற்றி, அதன் உள்வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஈயம் புதிதாக இருந்தால் வெள்ளி மாதிரி மின்ன வேண்டும். அதற்குப் பதில் மங்கலான சாம்பல் நிறத்தில், சில இடங்களில் கறுப்பாக, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும் மெல்லிய படலம் இருக்கும். பேட்டரியின் ஈயக் கொம்பிலும் அதே கறை, நடுவில் ஒரே ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக ஒரு கோடு. இத்தனை நாளும் மொத்தக் கரண்டும் அந்த ஒரு கோட்டு வழியாகத்தான் போயிருக்கிறது. அந்தப் படலத்தின் தடை வெறும் 0.02 ஓம் என்று வைத்தாலும், 150 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் அங்கேயே தின்றுவிடும். பார்க்கிங் லைட்டுக்கு ஓரிரு ஆம்பியர்தான் வேண்டும், அதனால் லைட் நன்றாக எரியும், ஹாரன் அடிக்கும், பாட்டுப் பாடும், செல்ஃப் மட்டும் எடுக்காது. உடனே பழி மோட்டார் மேல் விழும்.

உப்புத்தாளால் உள்வளையத்தையும் கொம்பையும் பளபளக்கும் வரை தேய்த்து, கொம்பின் அடிவரை கிளாம்பை இறக்கி, கையால் திருகினால் அசையாத அளவுக்கு முறுக்குங்கள், அதற்கு மேல் முறுக்கினால் ஈயம் நசுங்கும். கடைசியில் மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இதைச் சடங்கு என்று நினைக்காதீர்கள். நெகட்டிவ் பாடியோடு இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டுவிட்டால் அந்த ஸ்பேனர் வழியாக நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வையுங்கள். என் கடையில் வேலை கற்றுக்கொண்ட ஒரு பையனுக்கு மோதிரம் பழுத்து விரலில் வளையமாகத் தழும்பு விழுந்தது, அதிலிருந்து மோதிரத்தோடு யாரையும் பானெட் பக்கம் விடுவதில்லை.

டெர்மினல் முடிந்தால் அடுத்தது எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பி வரும் பாதை. நெகட்டிவ் கேபிள் பாடியில் முறுக்கியிருக்கும் இடம் ஒன்று, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை இன்னொன்று. இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் அதற்கு எர்த். அது துருப்பிடித்தாலோ, இன்ஜின் வேலை பார்த்தவர் திரும்ப மாட்ட மறந்துவிட்டாலோ, காரில் பேய் பிடித்த மாதிரி விஷயங்கள் நடக்கும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்கும், ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறும். எர்த்தைச் சோதிக்க வழி சுலபம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கொம்பின் மேலேயே (கிளாம்பில் அல்ல) வைத்து, இன்னொரு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் அழுத்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் கொம்பிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை இதே மாதிரி அளந்தால் அந்தப் பக்கக் கேபிளின் கதையும் தெரிந்துவிடும். இரண்டும் சரியாக இருந்து, பேட்டரியும் 10 வோல்ட்டுக்கு மேல் தாங்கி, அப்படியும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மட்டும் மோட்டாரைக் கழற்றலாம்.

அவசரத்துக்கு வண்டியை எடுக்க ஜம்ப் கேபிள் போடுவது (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் வாங்குவது) பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிவப்பு கேபிளை முதலில் உங்கள் பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை உதவ வந்த வண்டியின் பாசிட்டிவில். கறுப்பை அந்த வண்டியின் நெகட்டிவில் போட்டுவிட்டு, கடைசி முனையை உங்கள் பேட்டரியில் போடாமல், பேட்டரியிலிருந்து தள்ளி இன்ஜினின் கனமான இரும்பு ஒன்றில் பிடிக்க வேண்டும். கடைசித் தொடுதலில் பொறி பறக்கும். பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கும், பொறி அங்கே விழுந்தால் பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டுவிட்டால் குழாயடியில் நின்று நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நேராக ஆஸ்பத்திரி. மாட்டியதும் அடுத்த வண்டியை 5 நிமிஷம் ஓட விட்டு, உங்கள் பேட்டரியில் கொஞ்சம் ஏறிய பிறகு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி விடுங்கள், செல்ஃப் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. கழற்றும்போது மாட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாக. சிவப்பும் கறுப்பும் மாறிப் போனால் மெயின் ஃபியூஸ், ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) டயோடு, விதி சரியில்லை என்றால் இசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) என்று வரிசையாகப் போகும், எனவே பிளஸ் குறியைக் கண்ணால் பார்த்த பிறகே மாட்டுங்கள். ரோட்டோரத்தில் விற்கும் மலிவு கேபிளில் தடிமன் எல்லாம் ரப்பர்தான், உள்ளே செம்பு நூலளவு. அது சூடாகிப் புகையும், வண்டி எடுக்காது.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா என்றால், கியர் வண்டிக்குப் பண்ணலாம். இக்னிஷனை ஆன் செய்து, இரண்டாவது கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடி தள்ளச் சொல்லி, வேகம் பிடித்ததும் கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியை இப்படி எடுக்க முடியாது. கியர் வண்டியிலும் பேட்டரி ஒரேயடியாகச் செத்திருந்தால் பலன் இல்லை, இன்றைய வண்டியில் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இசியூ எல்லாமே கரண்டில் ஓடுகின்றன. அந்தக் கால அம்பாசிடரில் முன்னால் ஹேண்டில் விட்டுச் சுற்றி எடுத்த வசதி இப்போது எதிலும் இல்லை. அது எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும் என்பதும் உண்மை. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற இன்ஜினியர் 1912 கேடிலாக் கார்களில் மின்சார செல்ஃபைக் கொண்டுவந்ததற்கே அந்த ஹேண்டிலின் தொல்லைதான் காரணம்.

வண்டி எடுத்துவிட்டது என்பதோடு விஷயம் முடியாது. 12 நாள் நின்றதற்கே பேட்டரி இறங்கியது ஏன்? நிறுத்தி வைத்திருந்தாலும் இசியூ, அலாரம், கடிகாரம், ஆடியோ எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எடுத்துக்கொண்டே இருக்கும், அது இயல்பு. 30 மில்லி என்று வைத்தால் 12 நாளுக்கு 9 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) கூட வராது. சின்ன கார்களில் வரும் 35 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அதைத் தாங்கும். நாலு வயது பேட்டரியில் உண்மையாக மிஞ்சியிருப்பது 20 ஏஎச்தான் என்றால் திணறும். இதில் உங்கள் டேஷ் கேமராவைச் சேருங்கள். அது நேராக பேட்டரி லைனில் இணைக்கப்பட்டு, வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் வகையாக இருந்தால் கால் ஆம்பியர் எடுக்கும், ஒரு நாளைக்கு 6 ஏஎச். நாலே நாளில் பேட்டரி காலி. என் சந்தேகம் முழுவதும் அதன் மேல்தான்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி நெகட்டிவ் கொம்புக்கும் நடுவில் தொடராக இணைத்து, கதவுகளைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். அதற்கு முன் பார்த்தால் ஒரு ஆம்பியருக்கு மேல்கூடக் காட்டிப் பயமுறுத்தும். 50 மில்லிக்கு மேல் நின்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள், எதை உருவும்போது எண் விழுகிறதோ அந்த லைனில் திருடன் இருக்கிறான். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும்.

ஒரு குடும்பம் இரண்டு வருஷத்தில் மூன்று பேட்டரி மாற்றிய பிறகு என்னிடம் வந்தார்கள். வாரக் கடைசியில் நிறுத்தினால் செவ்வாய்க்கிழமை எடுக்காது. ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தது, டெர்மினல் நன்றாக இருந்தது, மீட்டர் மட்டும் 0.4 ஆம்பியர் காட்டியது. 0.4 என்றதும் எனக்கு 5 வாட் பல்பு ஞாபகம் வந்தது, ஐந்தைப் பன்னிரண்டால் வகுத்தால் அதுதான். செல்போனில் வீடியோ ஓட விட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன். எடுத்துப் பார்த்தால் மூடிய டிக்கிக்குள் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை அமுக்கும் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. ஒரு நாளைக்கு 10 ஏஎச் போனால் எந்த பேட்டரிதான் நிற்கும்? அந்த ரப்பருக்கு ஆன செலவு பத்து ரூபாய் கூட இல்லை. அவர்கள் வீட்டு அம்மா "மூணு பேட்டரிக் காசுப்பா" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் அளக்காமல் மாற்றாதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி போட்டாலும் 13.5-க்குக் கீழே போகக்கூடாது. புது வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அவற்றில் எண் மாறி மாறி வருவது கோளாறு அல்ல. 12 பக்கத்திலேயே நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ், கட்டவுட் (சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்). 15-ஐத் தாண்டினால் கட்டவுட் கெட்டுவிட்டது, பேட்டரியைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிடும். ஒன்றைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்: ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி "டைனமோ வேலை செய்யுதா பாரு" என்று சோதிக்க யாரையும் விடாதீர்கள். இசியூ இல்லாத காலத்து வண்டியில் அது நடந்தது. இப்போது பேட்டரி விலகிய நொடியில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறிப் பாயும், இசியூ எரிந்தால் அந்தச் செலவுக்கு எத்தனையோ பேட்டரி வாங்கலாம். இன்றும் சில இடங்களில் அப்படிச் செய்கிறார்கள், பார்க்கும்போது மனசு பதறுகிறது.

ஃபியூஸ் பற்றிச் சுருக்கமாக: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். போனதற்குப் பதில் அதே நிறம்தான் போட வேண்டும். திரும்பவும் போனால் அந்த லைனில் ஷார்ட் இருக்கிறது, பெரிய ஃபியூஸ் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகிய வண்டியில் டேஷ்போர்டுக்குள் வயர்கள் உருகி ஒரே கட்டியாகக் கிடந்ததை வெட்டி எடுத்திருக்கிறேன். அதே மாதிரி ஹெட்லைட்டுக்கு 60 வாட் இருந்த இடத்தில் 100 வாட் பல்பு போடுவது. இரண்டு பல்புக்கு 10 ஆம்பியர் போன வயரில் 17 ஆம்பியர் போகும், சுவிட்ச் உருகும். வெளிச்சம் போதவில்லை என்றால் தனி ரிலேயும் தடித்த வயரும் போட்டுச் செய்யுங்கள், பல நேரம் பழைய அளவு பல்புக்கே இரட்டிப்பு வெளிச்சம் வந்த மாதிரி இருக்கும்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கணக்கு, பேட்டரியைத் திட்டாதீர்கள். சாவியை ஆன் நிலையில் வைத்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு வினாடி பெட்ரோல் பம்ப் "ஊம்" என்று ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப்பின் ஃபியூஸ், ரிலே பாருங்கள். ஒரே எண் போட்ட ரிலே ஹாரனுக்கும் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். மீட்டர் போர்டில் சாவிப் படம் அல்லது பூட்டுப் படம் அணையாமல் மினுக்கினால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை, மாற்றுச் சாவியை முயற்சி செய்யுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவியின் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால், பெரும்பாலான வண்டிகளில் சாவியை பட்டனோடு ஒட்டிவைத்து அமுக்கினால் எடுத்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் ஒரு சத்தமும் இல்லை என்றால் லீவரை 'N'-இல் (நியூட்ரலில்) வைத்து ஒரு தடவை பாருங்கள்.

எலியை மறக்கக் கூடாது. மழைக்காலத்தில் சூடான இன்ஜின் மேல் வந்து படுத்துவிட்டு வயரைக் கடித்துவிடும். 12 நாள் நின்ற வண்டி என்பதால் பானெட்டைத் திறந்ததும் வைக்கோல், துணி நார், புழுக்கை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், தெரிந்தால் சாவியையே போடாமல் வயரிங் பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இதே விதி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீர் வடிந்ததும் "எடுக்குதா பார்ப்போம்" என்று செல்ஃப் அடித்தவர்கள், சிலிண்டருக்குள் போன தண்ணீரை அமுக்கி கனெக்டிங் ராடை வளைத்துக்கொண்டார்கள். நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, இன்சூரன்ஸுக்குச் சொல்லி இழுத்துப் போவதுதான் சரி.

நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில்தான். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. மூன்றிலிருந்து ஐந்து வருஷம் வந்தால் திருப்தி அடையலாம், உங்கள் நாலு வயது பேட்டரி அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. தண்ணீர் விடும் வகை என்றால் மாதம் ஒருமுறை அளவு பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடுங்கள், ஆசிட் கூடாது, குழாய்த் தண்ணீரும் கூடாது. நிறுத்தி வைத்திருக்கும் வண்டியைத் தினமும் 5 நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் நன்மை இல்லை, அதில் பேட்டரிக்குப் பெரிதாக எதுவும் ஏறாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள், முடியாது என்றால் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போங்கள்.

இப்போது உங்கள் வண்டிக்கு. நாளைக் காலை சாவியைத் தொடுவதற்கு முன் பேட்டரியை அளந்து எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். டெர்மினலைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். டேஷ் கேமராவின் ஃபியூஸை உருவிவிடுங்கள். பேட்டரியைக் கடையில் கொடுத்து மெதுவாக, 35 ஏஎச் என்றால் 3.5 ஆம்பியரில் 10, 12 மணி நேரம் சார்ஜ் போடச் சொல்லுங்கள், அவசரத்துக்கு வேகமாக ஏற்றித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்கி வந்து ஒரு ராத்திரி அப்படியே வைத்திருந்து மறுபடி அளங்கள். 12.5-க்கு மேல் நின்று, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்கு மேல் தாங்கினால் பேட்டரியும் மோட்டாரும் இரண்டுமே நல்லவை, கேமராவின் வயரை மட்டும் இக்னிஷன் லைனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரியிலேயே 12.2-க்கு இறங்கினால் பேட்டரி மட்டும் மாற்றுங்கள், பழையதற்கு எக்ஸ்சேஞ்ச் விலை கேட்டு வாங்குங்கள், வாரன்டி கார்டில் தேதியும் முத்திரையும் போட்டுத் தருகிறார்களா என்று நின்று பாருங்கள். பேட்டரி தாங்கியும் மோட்டார் இழுக்கவில்லை என்றால் எர்த்திலும் பாசிட்டிவ் கேபிளிலும் அளந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள், மோட்டாரைக் கழற்றலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.